கம்பி எட்டல! முக்கோணவியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் சைன், கொசைன் நடத்தினால், நான் அந்த வயதில் அடித்த கூத்தையே பிள்ளைகளும் அடிக்கிறார்கள். வாய்பாடு மறப்பது, கூட்டல் பிழை எல்லாம் போட்டுப் போட்டுச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

நிற்பதெல்லாம் எதிர்ப்பக்கம் இல்லை

இதுதான் இன்னும் எரிச்சல். படத்தில் கோணம் பெரும்பாலும் கீழ் மூலையில் இருக்கும், அதனால் நிற்கிற கோடு எதிர்ப்பக்கம், படுத்திருப்பது அடுத்துள்ள பக்கம் என்று மனசில் பதிந்துவிடுகிறது. பத்தாவது படிக்கையில் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்கு மைக்செட் அண்ணாச்சி 20 அடிக் கம்பம் நட்டு, 24 அடி தள்ளி மூணு முளையும் அடித்துவிட்டு, இழுத்துக்கட்டக் கம்பி எவ்வளவு வெட்டணும் என்றார். நான் பெரிய ஆளாக அளவுப்படி படம் போட்டு, கம்பத்து உச்சியில் பாகைமானியை வைத்தேன். 50 டிகிரி. (ஸ்கேலை வைத்து அந்தச் சாய்கோட்டையே அளந்திருக்கலாம், அது வேறு விஷயம்.) சைன் என்பது எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால், அதாவது சாய்கோட்டால், வகுத்தது. கம்பம் நிற்கிறதே, எதிர்ப்பக்கம்தான் என்று 20ஐ சைன் 50ஆல், அதாவது 0.766ஆல் வகுத்தேன். 26 அடி. மூணையும் வெட்டியாச்சு, ஒன்றுகூட முளையைத் தொடவில்லை.

“என்னல, அஞ்சடி பத்தல?” என்றார் அண்ணாச்சி, ஊரே கேட்க.

கோணம் உச்சியில் என்றால் கம்பம் அதை ஒட்டி நிற்கிறது, அப்போது அதுதான் அடுத்துள்ள பக்கம். எதிரே கிடப்பது தரை. கொசைன் என்பது அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தது. 20ஐ கொசைன் 50, அதாவது 0.643ஆல் வகுத்திருந்தால் 31 அடி வந்திருக்கும்.

இப்போது பிள்ளைகளைக் கோண முனையில் விரல் வைக்கச் சொல்கிறேன். விரல் தொடாத பக்கம் எதிர்ப்பக்கம். தொடுகிற இரண்டில் செங்கோணத்துக்கு எதிரே இருப்பது கர்ணம், மிச்சம் அடுத்துள்ள பக்கம். அப்புறம் நோட்டைத் திருப்பி வைத்து மறுபடி கேட்பேன், பாதிப் பேர் அங்கேயே மாட்டுவார்கள்.

இறக்கக்கோணம்

மேலே நின்று கீழே பார்க்கும்போது பார்வை இறங்குகிற கோணம் இது. சுவரிலிருந்து அளக்காதீர்கள். கண்ணுக்கு நேரே போகிற கிடைக்கோட்டிலிருந்து.

கால்குலேட்டர்

சைன் 30க்கு −0.988 காட்டினால் அது டிகிரியில் இல்லை, கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனில் கிடக்கிறது.

சைன் 60

சைன் 30இன் இரட்டிப்பு இல்லை. 0.866தான், 1 அல்ல.

கண் உயரம்

நெல்லையப்பர் கோயில் கோபுரத்தை நின்றுகொண்டு அளந்தால் கோணம் உங்கள் கண்ணிலிருந்து கிளம்புகிறது. டேன்ஜெண்ட் (எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தது) போட்டு வந்த விடையோடு தரையிலிருந்து கண்வரை உள்ள அந்த நாலைந்து அடியையும் கூட்டுங்கள்.