சைட்டோகைன் பொடியைக் கரைப்பது எப்படி: முதல் குப்பியைத் திறக்கும் முன்

செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் சிறு புரதம்தான் சைட்டோகைன். ஆர்டர் செய்த ரீகாம்பினன்ட் (மரபணு மாற்றிய செல்களில் தயாரித்த) சைட்டோகைன் வந்துவிட்டதா? குப்பிக்குள் எதுவுமே இல்லாததுபோலத் தெரிந்தால் பதற வேண்டாம். உறையவைத்து உலர்த்திய 10 மைக்ரோகிராம் புரதம் பெரும்பாலும் கண்ணுக்குப் படாது. மூடியைத் திறக்காமல் குப்பியைச் சென்ட்ரிஃபியூஜில் சில நொடிகள் சுற்றவிடுங்கள். மூடியில் ஒட்டியது அடிக்கு வந்துவிடும்.

அடுத்து, எதில் கரைப்பது? பிபிஎஸ் (நடுநிலை பிஎச் கொண்ட உப்புக் கரைசல்) கையருகே இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் அதையே ஊற்றக் கூடாது. உதாரணமாக, டிஜிஎஃப்-பீட்டா1 என்ற சைட்டோகைன் நடுநிலை பிஎச்சில் ஒழுங்காகக் கரையாது; பொதுவாக 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைப்பார்கள். உங்கள் லாட்டுக்கான (தயாரிப்புத் தொகுதிக்கான) டேட்டாஷீட் சொல்வதே இறுதி. அமிலத்தில் கரைத்தால், கன்ட்ரோல் செல்களுக்கும் அதே கரைசலைப் புரதம் இல்லாமல் அதே அளவு சேர்க்க மறக்காதீர்கள்.

10 மைக்ரோகிராமுக்கு 100 மைக்ரோலிட்டர் விட்டால், மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம். இதுதான் உங்கள் ஸ்டாக், அதாவது மூலக் கரைசல். மெதுவாகச் சுழற்றி, சில நிமிடங்கள் அப்படியே விடுங்கள். வோர்டெக்ஸ் (வேகமாக அதிரவைத்துக் கலக்கும் கருவி) வேண்டவே வேண்டாம். நுரை வந்தால் புரதம் கெடும்.

இனிதான் பலரும் தடுக்கி விழும் இடம். நீர்த்த கரைசலில் இருக்கும் புரதம் டியூபின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்டாக்கில் அந்த இழப்பு தெரியாது. நானோகிராம் அளவுக்கு நீர்க்கும்போது கணிசமான பங்கு காணாமல் போகும். கணக்கு சரியாக இருக்கும், செல்கள் மட்டும் அசையாது, அதாவது எந்த எதிர்வினையும் காட்டாது. அதனால் நீர்க்கும் கரைசலில் 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு இரத்தத்திலிருந்து எடுக்கும் ஆல்புமின் புரதம்) சேருங்கள்; சுவரில் அது முதலில் இடம்பிடித்துக்கொள்ளும். செல் கல்ச்சருக்கு கேரியர் (பிஎஸ்ஏ போன்ற துணைப் புரதம்) சேர்த்த புரதத்தையே வாங்குங்கள் என்பேன். கேரியர் இல்லாதது, புரதத்தில் சாயமோ பயோட்டினோ ஏற்றுவது போன்ற வேலைகளுக்கு. புரதம் ஒட்டாத லோ-பைண்ட் டியூபுக்குக் கூடுதலாகச் செலவழிப்பதில் தப்பே இல்லை.

10 மில்லிலிட்டர் மீடியத்தில், மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் வேண்டுமென்றால் ஸ்டாக்கில் 1 மைக்ரோலிட்டர் போதும். ஆனால் அவ்வளவு சிறிய அளவைப் பிப்பெட்டில் நம்பி எடுக்க முடியாது. பத்து மடங்கு நீர்த்து, 10 மைக்ரோலிட்டர் எடுங்கள்.

மிச்சத்தைச் சிறு பங்குகளாகப் பிரித்து, பெயர், செறிவு, லாட் எண், தேதி எழுதி மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு பங்கை உருக்கினால் மறுபடி உறையவைக்காதீர்கள். தானாகவே பனி நீக்கும் ஃப்ரீசர் இதற்கு ஆகாது. அதில் வெப்பநிலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாகச் செய்தும் எலி செல்கள் அசையவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். எந்த உயிரினத்தின் புரதம் என்று பாருங்கள். மனித இன்டர்ஃபெரான்-காமா எலி செல்களில் வேலை செய்யாது. மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்களை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல்: ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரான புரதத்தோடு எண்டோடாக்ஸின் (அந்தப் பாக்டீரியாவின் வெளிச்சுவரிலிருந்து வரும் நச்சு) வந்தால் அதற்கே செல்கள் துள்ளும். ஒரு பங்கைக் கொதிக்கவைத்தும் சோதியுங்கள். பெரும்பாலான சைட்டோகைன்கள் அதில் செயலிழக்கும், எண்டோடாக்ஸின் தாங்கும். அப்போதும் செல்கள் வெளிவிடும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் ஏறினால், அந்த லாட்டின் எண்டோடாக்ஸின் அளவைச் சரிபார்க்காமல் அடுத்த சோதனைக்குப் போகாதீர்கள்.