ஹூஸ்டன் ஸ்பேஸ் சென்டர்: முதலில் டிராம், மற்றதெல்லாம் பிறகு

என் சித்தப்பா கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு பவுண்டரியில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். எங்களோடு தங்க ஹூஸ்டன் வந்தபோது அவர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பெரிய ராக்கெட்டோட எஞ்சினைக் கிட்ட நின்னு பார்க்கணும்மா." கூட்டிக்கொண்டு போனோம். உள்ளே நுழைந்ததும் குழந்தைகள் இழுத்த பக்கமெல்லாம் போனோம். படம் பார்த்தோம், சாப்பிட்டோம், கடையில் டி-ஷர்ட் வாங்கினோம். பிறகு டிராமுக்குப் போனால் அன்றைய கடைசி வண்டியும் நிறைந்துவிட்டிருந்தது. டிராமில் போனால்தான் ராக்கெட்டைப் பார்க்க முடியும் என்பதை நான் கவனிக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. "பரவால்ல, இவ்வளவு பார்த்தோமே" என்றார் சித்தப்பா. வீடு வந்து சேரும்வரை வேறெதுவும் பேசவில்லை.

அதன்பின் எட்டு முறை போய்விட்டேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான்தான் கூட்டிப் போகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அப்படி ஓர் ஏமாற்றம் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஜான்சன் விண்வெளி மையம் என்பது நாசாவின் வேலை நடக்கும் வளாகம். விண்வெளி வீரர்கள் பயிற்சி எடுப்பதும், மேலே பறக்கும் விண்வெளி நிலையத்தோடு பேசுவதும் அங்கேதான். அதன் வாசலில் 1992-ல் திறந்த அருங்காட்சியகம்தான் ஸ்பேஸ் சென்டர் ஹூஸ்டன். டிக்கெட் வாங்கி நாம் நுழைவது இந்த அருங்காட்சியகத்துக்குள். மனிதர்களை நிலவுக்கு அனுப்பச் செய்த சாட்டர்ன் 5 ராக்கெட், நிலவுப் பயணங்களை நடத்திய கட்டுப்பாட்டு அறை, பயிற்சிக் கூடம் மூன்றும் வளாகத்துக்குள் இருக்கின்றன. அங்கே போக டிராம்தான் வழி.

டிக்கெட்டை இணையத்திலேயே எடுத்துவிடுங்கள். பழைய கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும் தனி டிக்கெட். இடங்கள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் முதலில் அது எந்த நாளில் கிடைக்கிறதென்று பாருங்கள், பிறகு உங்கள் தேதியை முடிவு செய்யுங்கள். நான் தேர்ந்தெடுப்பது செவ்வாய், புதன், வியாழன். மார்ச் மாதப் பள்ளி விடுமுறை வாரத்திலும் கோடைச் சனிக்கிழமைகளிலும் போவதை நான் விட்டுவிட்டேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சுகமாக இருக்கும். ஆனால் நம் பெற்றோர் பெரும்பாலும் ஜூன், ஜூலையில்தான் வருகிறார்கள், என்ன செய்வது? அப்போது காலை வேளையை விட்டுவிடவே கூடாது. டிராமின் பக்கங்கள் திறந்திருக்கும், ஏசி கிடையாது, மதிய வெயிலில் பெரியவர்கள் துவண்டுபோவார்கள். பிற்பகலில் இடி மின்னல் வந்தால் டிராம் ஓட்டத்தையே நிறுத்திவிடுவார்கள்.

வெளியே அடுப்பு, உள்ளே குளிர்பதனப் பெட்டி. அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்து வையுங்கள். வாசலில் பை சோதனை உண்டு. என் மாமியாரின் கைப்பையில் வெற்றிலைப் பெட்டியும் அதற்குள் பாக்குவெட்டியும் இருந்தன. அதைக் காரில் வைத்துவிட்டு வரத் திரும்ப நடந்ததில் இருபது நிமிடம் போய்விட்டது. கிளம்பும் முன் பைகளை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். உள்ளே சைவச் சாப்பாடு என்றால் பீட்சா, உருளை வறுவல் அளவுதான். நாங்கள் இட்லிக்கு மிளகாய்ப் பொடி தடவி எடுத்துப்போய், கார் நிறுத்துமிடத்திலேயே சாப்பிட்டுவிட்டு, திறப்பதற்கு அரை மணி முன்னால் வாசலில் நிற்போம். வயிறு நிறைந்திருந்தால் மதியம் வரை யாரும் சோர்வதில்லை.

கதவு திறந்ததும் எதையும் பார்க்காமல் நேரே டிராம் பக்கம் நடங்கள். குழந்தைகள் இழுப்பார்கள். "திரும்பி வந்ததும் இதெல்லாம் பார்க்கலாம்" என்று காரிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

கட்டுப்பாட்டு அறைக்குப் போக எண்பதுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் கூட இருந்தால், டிராம் ஏறுவதற்கு முன்பே அங்குள்ள ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். மேலே போனதும் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நாற்காலிகள். அந்த நாட்களில் விண்வெளி வீரர்களின் குடும்பத்தார் உட்கார்ந்திருந்த அதே பார்வையாளர் கூடம் அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் 1969-ல் இருந்தபடியே அறையை 2019-ல் சீரமைத்து வைத்திருக்கிறார்கள். மேசைமேல் சாம்பல் கிண்ணம், பாதி குடித்த மாதிரி காபிக் கோப்பை, தடித்த கோப்புகள். விளக்கு மங்கியதும் திரைகளுக்கு உயிர் வருகிறது, அப்போலோ 11 இறங்கும்போது பேசிய குரல்கள் கேட்கின்றன.

அப்பா அங்கே உட்கார்ந்து கேட்டதை நான் மறக்கமாட்டேன். ஆர்ம்ஸ்ட்ராங் கால் வைத்தது நம் நேரப்படி 1969 ஜூலை 21, திங்கட்கிழமை காலை 8:26. அப்பாவுக்கு அப்போது பதினான்கு வயது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பஞ்சாயத்து ரேடியோ முன்னால் நின்று செய்தி கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனாராம். "கணக்கு வாத்தியார் ஒண்ணுமே சொல்லல. அவரும் அங்கதான் நின்னாரு" என்று இருட்டில் என் காதோரம் சொன்னார். உங்கள் வீட்டிலும் அந்த வயதுக்காரர் இருந்தால், இந்த அறையின் டிக்கெட் செலவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பயிற்சிக் கூடத்துக்கான டிராம் தனி. விண்வெளி நிலையத்தின் அறைகளை அதே அளவில் செய்து வைத்திருக்கிறார்கள், மேலே நடைபாதையில் நின்று பார்க்கலாம். நேரம் இருந்தால் போங்கள். எனக்கு இது மூன்றாம் இடம்தான். கொலம்பியா விண்கலத்தில் உயிரிழந்தவர்களுக்கு வளாகத்துக்குள்ளே மரம் நட்டிருக்கிறார்கள், கல்பனா சாவ்லாவுக்கும் ஒன்று. டிராமில் போகும்போது பிள்ளைகளிடம் 2003 பிப்ரவரி 1 அன்று நடந்ததைச் சொல்லுங்கள். பக்கத்துப் புல்வெளியில் நீண்ட கொம்புள்ள டெக்சஸ் மாடுகள் மேய்வதையும் பார்த்திருக்கிறோம். அம்மா அன்று வீட்டுக்குப் போன் செய்தபோது ராக்கெட்டைவிட அந்த மாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

மதியம் அருங்காட்சியகத்துக்குத் திரும்பிய பிறகு அவசரம் வேண்டாம். வெளியே 747 விமானத்தின் முதுகில் விண்வெளி ஓடம் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஓடம் அசல் அல்ல, மாதிரிதான், ஆனால் கீழே இருக்கும் விமானம் உண்மையாகவே விண்வெளி ஓடங்களைச் சுமந்து பறந்தது. இரண்டுக்குள்ளும் ஏறிப் பார்க்கலாம். பக்கத்தில் இரண்டு முறை பறந்து திரும்பி வந்த ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கு கிடத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வெயில் அதிகமென்றால் இதை மாலைக்குத் தள்ளிவிட்டு உள்ளே போங்கள். அங்கே 1972 டிசம்பரில் நிலவுக்குப் போய்வந்த, அப்போலோ பயணங்களில் கடைசி விண்கலமான அப்போலோ 17 இருக்கிறது. கவசம் கருகிப் பழுப்பேறிய பக்கத்தைக் குனிந்து பாருங்கள். மூன்று ஆண்கள் பன்னிரண்டு நாள் இவ்வளவு சின்ன இடத்திலா என்று வாய் பிளப்பீர்கள். அந்தப் பயணத்தில் வந்த கல்லின் ஒரு துண்டைத் தொட்டுப் பார்க்கவும் வைத்திருக்கிறார்கள். எத்தனையோ விரல்கள் பட்டு அது வழவழவென்று ஆகிவிட்டது. என் பையன் முதல்முறை தொட்டுவிட்டு, கையைக் கழுவமாட்டேன் என்று இரவு வரை பிடிவாதம் பிடித்தான்.

விளையாட்டுக் கருவிகளையும் கடையையும் கடைசிக்கு விடுங்கள். நான்கு மணிக்குக் கிளம்பிவிட்டால் நெடுஞ்சாலை நெரிசலில் அதிகம் சிக்காமல் பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய்விடலாம், ஏறக்குறைய அரை மணி நேரம். அம்மாவுக்கு அன்று அதுவும் சேர்ந்தால்தான் நாள் நிறைவாகும்.

இனி ராக்கெட். 110 மீட்டர் நீளமுள்ள சாட்டர்ன் 5 ஒரு பெரிய கொட்டகைக்குள் படுத்திருக்கிறது. இன்று உலகில் இப்படி வைக்கப்பட்டிருப்பவை மூன்று. அவற்றில் மூன்று அடுக்குமே பறப்பதற்கென்று செய்யப்பட்டவையாக இருப்பது இங்கே மட்டும்தான். ரத்தான நிலவுப் பயணங்களால் மிஞ்சிப்போன பாகங்கள் அவை. டிராமிலிருந்து இறங்கியதும் எல்லோரும் வாசலிலேயே நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் முதலில் எஞ்சின் பக்கம் போய்விடுங்கள், ஐந்து நிமிடம் கூட்டமில்லாமல் கிடைக்கும். ஐந்து எஞ்சின்கள், ஒவ்வொன்றின் வாயும் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்தைவிட அகலமானது. ஐந்தும் சேர்ந்து ஒரு நொடிக்குப் பதின்மூன்று டன் எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் குடிக்கும். சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று ஒரே நொடியில் காலியாவதை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடவும் அதிகம். உள்ளே எட்டிப் பார்த்தால் சுவர் வெறும் தகடு அல்ல, ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் மெல்லிய குழாய்கள். எரிய வேண்டிய மண்ணெண்ணெயில் பெரும்பகுதி முதலில் அந்தக் குழாய்களுக்குள் ஓடி, உலோகம் உருகாமல் குளிரவைத்துவிட்டுத்தான் எரியப் போகிறது.

அப்பாவோடு போன அன்று காலை பதினொரு மணிக்கு நான் அங்கே நின்றிருந்தேன். ஊரில் இரவு ஒன்பதரை. சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவர், எஞ்சினைக் காட்டியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சித்தியைக் கூப்பிட்டு விளக்கைப் போடச் சொன்னார், மூக்குக் கண்ணாடியைத் தேடினார். பிறகு போனுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்து சொன்னார்:

"இன்னும் உள்ள கொண்டுபோம்மா. குழாய்க்கும் குழாய்க்கும் நடுவுல பத்தவெச்ச இடத்தைக் காட்டு."