சூடேறும் கார்: ரேடியேட்டரை மாற்றும் முன்

டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டால் பலரும் முதலில் ரேடியேட்டரைத்தான் மாற்றுகிறார்கள். கோளாறோ பல நேரம் மூடியிலோ, தெர்மோஸ்டாட்டிலோ (கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவத்தைச் சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), ஃபேன் ரிலேயிலோ (ஃபேனை ஓடவிடும் சுவிட்ச்) இருக்கும். விலை குறைந்த இவற்றைப் பார்த்துவிட்டுப் பெரிய செலவுக்குப் போகலாம்.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார்?" என்று கழற்றிப் போடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பெரும்பாலான கார்களில் அது 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகும். அதுவரை இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூடுதலாக விடும். மைலேஜ் குறையும், ஆயிலில் ஈரம் தங்கிச் சேறு பிடிக்கும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். தட்டே இல்லையென்றால் சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கம் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும்; மேட்டில் ஏறும்போது முள்ளும் ஏறும்.

சந்தேகமிருந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, தெர்மோமீட்டர் வைத்த தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, மேலும் 10–15 டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். திரும்பப் பொருத்தும்போது அதிலுள்ள சின்னக் காற்றுத்துளை மேல்பக்கம் இருக்கட்டும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. 0.9, 1.1 என்று அதில் இருக்கும் எண், அது தாங்கும் அழுத்தம். அந்த அழுத்தம்தான் கூலன்ட் கொதிக்காமல் காக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் கூலன்ட் சீக்கிரம் கொதித்து ரிசர்வ் டேங்கில் பொங்கும். ஆறும்போது கூலன்ட்டைத் திரும்ப உள்ளே விடும், மூடியிலுள்ள வாக்குவம் வால்வு அடைத்துக்கொண்டால் இன்ஜின் ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிப்போகும். "கூடுதல் எண் போட்டால் நல்லது" என்று 1.3 மாட்டுவதும் தவறு. பழைய ஹோஸும் பிளாஸ்டிக் டேங்கும் முதலில் வெடிப்பு விடும்.

போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு குழாய்களுக்குள் படியும். தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டருடன் பாதிக்குப் பாதி. கலந்தே வரும் ரெடிமிக்ஸில் மறுபடி தண்ணீர் சேர்க்கக் கூடாது. தண்ணீர் விட்டு ஃப்ளஷ் செய்தபின் இன்ஜின் பிளாக்கில் தண்ணீர் கொஞ்சம் தங்கிவிடும், அதையும் கணக்கில் எடுங்கள். பச்சை, சிவப்பு என்ற நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேனுவலில் உள்ள ஸ்பெசிஃபிகேஷன்தான் அளவுகோல். ஒழுகலை அடைக்க மஞ்சள்தூள் கொட்டுவது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும்.

ஸ்பேர் வாங்கும்போது பெட்டியைவிடப் பாகத்தைப் பாருங்கள். பார்ட் நம்பரைச் சேசிஸ் நம்பர் வைத்துச் சரிபார்த்து, பழைய வாட்டர் பம்ப்பின் பக்கத்தில் புதியதை வையுங்கள். கூலன்ட்டைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் விட்டமோ உயரமோ குறைந்தால் வாங்காதீர்கள். டைமிங் பெல்ட் ஓட்டும் பம்ப் என்றால் பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுவது மிச்சம்; லேபர் ஒன்றுதான்.

வழியில் சூடேறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். மூடியை அரைமணி நேரமாவது தொடாதீர்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம், வளையலாம்.

எல்லாம் மாற்றியும் கூலன்ட் குறைந்துகொண்டே போய், டேங்கில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள சீல்) சந்தேகியுங்கள். இதைச் சோதிக்கும் கருவியான பிளாக் டெஸ்டரின் நீலத் திரவம் மஞ்சளானால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிகிறது. ஹெட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.