யால சஃபாரி: ஜீப்பில் ஏறும் முன்பும் ஏறிய பின்பும் நாம் விடும் தவறுகள்

இலங்கையின் தென்கிழக்கில் உள்ள யால தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தவர்களில் பாதிப் பேர் “சிறுத்தை கண்டோம்” என்பார்கள். மீதிப் பேர் “காசைக் கொட்டிப் போனோம், ஒன்றும் அகப்படவில்லை” என்பார்கள். அப்படிச் சலித்துக்கொள்பவரின் கைபேசியை வாங்கிப் பார்த்தால் குட்டியோடு யானைக் கூட்டம், சேற்றில் புரளும் எருமை, கரையில் கிடக்கும் முதலை, தோகை விரித்த மயில் எல்லாம் வரிசையாக இருக்கும். சிறுத்தை மட்டும் இருக்காது. கோபமெல்லாம் சாரதி மேல் போகும். ஆனால் அந்தச் சாரதி காட்டுக்குள் எப்படி ஓட்டுவார் என்பது பெரும்பாலும் முதல் நாள் மாலை பூங்காவுக்குப் பக்கத்து ஊரான திஸ்ஸமகாராமவில் நாம் அவரோடு பேசும் பேச்சிலேயே முடிவாகிவிடுகிறது.

நம்மில் பலர் பேசும் பேச்சு இதுதான்: “அண்ணே, சிறுத்தை காட்டுவீங்கதானே? காட்டினா மேலே 2,000 ரூபா தாறன்.” தாராள மனதோடு சொல்வதாகத்தான் நமக்குத் தோன்றும். சாரதிக்குக் கேட்பது வேறு. வேகமாக ஓட்டு, போனைக் காதிலேயே வைத்திரு, எங்கே கண்டார்கள் என்று தகவல் வந்ததும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அங்கே பற என்று நாமே பணம் கட்டிச் சொல்கிறோம். வழியில் ஒரு குளக்கரையில் கால் மணி நேரம் நின்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதெல்லாம் அந்த 2,000 ரூபாவில் போய்விடும்.

அதற்குப் பதிலாக வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள். “சிறுத்தை கண்டால் சந்தோஷம், காணாவிட்டாலும் பரவாயில்லை. மெதுவாகப் போங்கள், நிறுத்தச் சொன்னால் எஞ்சினை அணையுங்கள், கூட்டத்துக்குள் கொண்டுபோய் விடாதீர்கள்.” சந்தோஷப் பணம் கொடுப்பதென்றால் இதற்குக் கொடுக்கலாம். பல ஆண்டுகளாகக் காட்டுக்குள் ஓடும் சாரதிகளில் பலர் உண்மையில் நல்ல காட்டறிவு உள்ளவர்கள். எந்தப் பாறையில் காலை வெயில் முதலில் விழும், எந்தக் குளம் இன்னும் வற்றவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதை நம்மிடம் காட்ட அவர்களுக்கு நேரம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

காசு விஷயத்தையும் அன்றைக்கே பேசி முடித்துவிட வேண்டும். ஜீப் வாடகை வேறு, பூங்கா நுழைவுச்சீட்டு வேறு. சீட்டில் ஆளுக்கான கட்டணம், சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி என்று தனித்தனியாகச் சேரும். “எல்லாம் சேர்த்து” என்று ஒருவர் சொன்னால் எதையெல்லாம் சேர்த்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். இலங்கையருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஊருக்கு வரும் நம்மவர்கள் வாசலில் போய் முட்டிக்கொள்வது இங்கேதான். நாம் எங்கே பிறந்தோம், என்ன மொழி பேசுகிறோம் என்பதை அங்கே பார்க்கமாட்டார்கள், கையில் உள்ள ஆவணத்தைத்தான் பார்ப்பார்கள். தேசிய அடையாள அட்டை இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள். இல்லையென்றால் வெளிநாட்டவர் கட்டணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே பயணத்தைத் திட்டமிடுங்கள். விடியற்காலையில் சீட்டு ஜன்னலில் நின்று வாதாடிப் பயனில்லை, பின்னால் வரிசை நிற்கும்.

முன்பின் தெரியாதவர்களோடு ஒரு ஜீப்பைப் பகிர்ந்தால் செலவு குறையும். ஆனால் ஒருவர் பறவைக்காக வந்திருப்பார், இன்னொருவருக்கு சிறுத்தையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது, மூன்றாமவர் தூங்குவார். முடிந்தால் நாலு பேர் தெரிந்தவர்களாகச் சேர்ந்து போவதுதான் நல்லது.

சிறுத்தைக்குப் பின்னால் ஓடுவது

யாலவில் பகலிலேயே சிறுத்தை தெரிவதற்குக் காரணம் உண்டு. இலங்கைக் காட்டில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. இந்தியக் காடுகளில் புலிக்குப் பயந்து ஒதுங்கி வாழும் சிறுத்தை, இங்கே தானே ராஜா. பட்டப்பகலில் பாதை நடுவே நடந்து போகும், பாறை மேல் காலை நீட்டிப் படுத்திருக்கும். பூங்காவின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 979 சதுர கிலோமீட்டர். அதில் முதலாம் வலயம் என்ற பகுதி 140 சதுர கிலோமீட்டர் அளவுதான். உலகிலேயே சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்று அது. அதனால் வரும் ஜீப்புகளில் பெரும்பாலானவை அந்தச் சின்னத் துண்டுக்குள்ளேயே சுற்றுகின்றன.

அங்கே யாரோ ஒருவர் சிறுத்தையைக் காண்கிறார். போன் போகிறது. பத்து நிமிடத்தில் செம்மண் பாதையில் இரண்டு பக்கமும் ஜீப்புகள் வந்து அடைத்துவிடும். முன்னால் நிற்பவர் நகரமாட்டார், பின்னால் வந்தவர் இடுக்கில் நுழையப் பார்ப்பார். டீசல் புகை, தூசி, ரிவர்ஸ் எடுக்கும் சத்தம், சீட்டில் ஏறி நின்று “எங்கே, எங்கே?” என்று கேட்கும் குரல்கள். பாலை மரக் கிளையில் நாலு காலையும் தொங்கவிட்டுப் படுத்திருந்த மிருகம் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்க்கும். வாலைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் புதருக்குள் போய்விடும். இருபது ஜீப்பில் கடைசிப் பத்து ஜீப்பில் இருந்தவர்கள் கண்டது முன்னால் நின்ற ஜீப்பின் பின்பக்கத்தைத்தான்.

இந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்வதுதான் யாலவில் செய்யக்கூடிய பெரிய தவறு என்பேன். மிருகத்துக்கும் கேடு, பார்க்க வந்தவருக்கும் லாபமில்லை. சிறுத்தை பெரும்பாலும் ஏதோ ஒரு திசையில் போகவேண்டியிருக்கும், தண்ணீருக்கோ மறைத்து வைத்த இரைக்கோ. பாதையின் இரு பக்கமும் அடைத்துவிட்டால் அதற்கு வழியில்லை. அனுபவமுள்ள சாரதியிடம் சொன்னால் கூட்டத்திலிருந்து தள்ளி, அது பாதையைக் கடக்கக்கூடிய இடத்தில் ஒதுங்கி நிறுத்துவார். கூட்டம் கலைந்த பிறகு அதே இடத்தில் காத்திருந்து பார்த்தவர்களும் உண்டு. நிச்சயம் வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் வந்தால் அமைதியாக வரும்.

காதை வீட்டில் விட்டுவிட்டு வருவது

காட்டில் சிறுத்தையை முதலில் காண்பது மான்களும் குரங்குகளும்தான். அவை சொல்வதைக் கேட்க எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், ஜீப்பில் பாட்டு ஓடக்கூடாது, பின்சீட்டில் குடும்ப அரசியல் பேசக்கூடாது. புள்ளிமான் கூட்டம் மேய்வதை நிறுத்திவிட்டு, எல்லாம் ஒரே பக்கம் காதை நிமிர்த்திப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். ஒன்று முன்காலைத் தரையில் தட்டும், வால் மேலே எழும்பும், பிறகு கூர்மையாக ஒரு கத்தல். மரத்து உச்சியில் மந்தி இருந்தால் அதுவும் சேர்ந்து குரைப்பது போல் கத்தும். மயில் அகவியதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது எதற்கெடுத்தாலும் அகவும். புள்ளிமானும் சில வேளை சும்மா பதறும். மரை (கடமான்) கத்தினால் மட்டும் நம்பலாம் என்பார்கள். பெரிய உடம்புள்ள மரை லேசில் பயப்படாது, அது திரும்பத் திரும்பக் கத்துகிறதென்றால் பக்கத்தில் ஏதோ நடமாடுகிறது.

வனஜீவராசிகள் திணைக்களத்தின் வழிகாட்டி ஜீப்பில் ஏறியிருந்தால் இதையெல்லாம் அவரிடம் கேளுங்கள். நெரிசல் நாட்களில் எல்லா ஜீப்புக்கும் ஆள் போதாது. கிடைத்த நாளில் அவரை வெறும் டிக்கெட் பரிசோதகர் போல முன்சீட்டில் பேசாமல் உட்கார வைத்துக் கொண்டு போவது வீண். சிங்களம் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை. கையால் காட்டிக் கேட்டாலே அவர் நிறையச் சொல்வார்.

அப்புறம் கரடி. சிறுத்தையை விடக் கரடியைக் காண்பது கஷ்டம், ஆனால் அதற்கு ஒரு காலம் உண்டு. மே முதல் ஜூலை வரையான நாட்களில் பாலைப்பழம் பழுக்கும். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பழத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மஞ்சளாகச் சின்னதாக இருக்கும், தேனாய் இனிக்கும், நாலைந்து தின்றதும் உதடு பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். கரடிக்கு அதுதான் விருந்து. கீழே உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்னும், போதாவிட்டால் மரத்தில் ஏறியும் தின்னும். அந்தப் பருவத்தில் போகிறவர்கள் பாறைகளை மட்டும் பார்த்துக்கொண்டு போகாமல் பழுத்த பாலை மரம் ஒன்றின் அடியைக் கொஞ்ச நேரம் கவனித்தால், ஆள் இல்லாத இடத்தில் கரடி கிடைக்கலாம்.

யானையைச் சாதுவென்று நினைப்பது

சிறுத்தையிடம் காட்டும் மரியாதையை நாம் யானையிடம் காட்டுவதில்லை. கோயில் யானை பார்த்துப் பழகிய கண் நமக்கு. “கிட்டப் போங்க, இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க” என்று சாரதியை நெருக்குவது வழக்கம். காது ஆட்டிக்கொண்டிருக்கும் யானை கோபமாக இல்லை, உடல் சூட்டைத் தணிக்கிறது. காதாட்டுவதை நிறுத்தி, இரண்டையும் அகல விரித்து, தலையை உயர்த்தி நம்மையே பார்த்தால்தான் யோசிக்க வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கறுப்பாக நீர் வழிந்திருந்தால் மதம் பிடித்த ஆண். அப்போது படம் எடுப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. சாரதி பின்னால் எடுக்கும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். குட்டியோடு உள்ள கூட்டத்துக்கும் ஜீப்புக்கும் நடுவே எப்போதும் ஒரு வழி விட்டு வைக்க வேண்டும்.

சாப்பாடு கொடுப்பது இன்னொரு வம்பு. யாலவில் கெமுனு என்ற ஆண் யானை ஜீப்புகளுக்குள் தும்பிக்கையை விட்டு உணவு தேடுவதற்குப் பேர்போனது. காட்டு யானைக்குப் பிறவியிலேயே பிஸ்கட் வாசம் தெரியாது, மனிதர் பழக்கியதுதான். பூங்காவை ஒட்டிச் செல்லும் புத்தள–கதிர்காமம் வீதியிலும் இதே கதை. யாத்திரிகர்கள் புண்ணியமென்று நினைத்துப் பழம் கொடுத்துக் கொடுத்து, இப்போது யானைகள் வாகனத்தை மறித்து வாங்குகின்றன. காட்டு யானைக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். கதிர்காமத்துக்குக் கொண்டுபோகும் பழத்தட்டை முருகனுக்கே வைத்திருங்கள். சஃபாரிக்கு எடுத்துப் போகும் சாப்பாட்டை மூடிய பெட்டியில், ஜீப்பின் நடுவில், காலடியில் வையுங்கள்.

முதலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாயைப் பிளந்தபடி கரையில் கிடந்தால் அது உடல் சூட்டை ஆற்றிக்கொள்கிறது. பசியோ கோபமோ இல்லை. அதை அசைய வைக்கக் கல்லெறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மிருகக்காட்சிசாலையே போதும்.

இறங்குவது, திரும்புவது

ஜீப்பிலிருந்து இறங்க அனுமதி உள்ள இடங்கள் மிகச் சில. பட்டனங்கல கடற்கரையும் மாணிக்க கங்கைக் கரையும் அவற்றில் முக்கியமானவை. மற்ற எந்த இடத்திலும், ஒரு நிமிடம் என்றாலும் இறங்கக்கூடாது. ஆற்றில் முதலை உண்டு, கடலில் இழுப்பு உண்டு, ஆகவே குளிக்கும் எண்ணம் வேண்டாம். பட்டனங்கலவில் 2004 டிசம்பர் 26 சுனாமியில் உயிரிழந்தவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதன் மேல் சாய்ந்து செல்ஃபி எடுக்காமல் விட்டால் நல்லது. கழிப்பறை வசதி இப்படி நிறுத்தும் இடங்களை விட்டால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் இருந்தால் வாசலிலேயே போய்விட்டு ஏறுங்கள். முதுகுவலி உள்ளவர்கள் கடைசி வரிசையில் உட்காரக்கூடாது, குழிகளில் தூக்கிப் போடும்.

பூங்கா காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். மாலைப் பயணத்தில் 5.30-க்கு எங்கோ உள்ளே சிறுத்தை என்று தகவல் வந்தால் போகச் சொல்லாதீர்கள். அங்கே போய்ப் பார்த்துவிட்டு 6 மணிக்குள் வாசலுக்கு வர எல்லா ஜீப்பும் பறக்கும். உள்ளே வேக எல்லை மணிக்கு 25 கிலோமீட்டர். மானும் காட்டுப்பன்றியும் முயலும் பாதையைக் கடக்கும் அந்தி நேரத்தில் இந்த ஓட்டம் எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

எந்த வாசல் என்பதும் யோசிக்க வேண்டிய ஒன்று. திஸ்ஸமகாராமவில் தங்கினால் பலட்டுப்பான வாசல். அங்கேதான் கூட்டம் அதிகம். கதிர்காமத்தில் தங்குகிறவர்களுக்குக் கட்டகமுவ வாசல் கிட்ட. காலை 6 மணிக்கு உள்ளே போகவேண்டுமென்றால் எந்த வாசலானாலும் 5 மணிக்கெல்லாம் ஜீப் கிளம்பியிருக்க வேண்டும்.

பருவம் தெரியாமல் பதிவு செய்வது

பெப்ரவரி முதல் ஜூலை வரை குளங்கள் மெல்ல வற்றிவரும், மிருகங்கள் மிஞ்சிய தண்ணீரைத் தேடி வரும். பார்க்க அதுவே நல்ல காலம். செப்டம்பரில் கடும் வறட்சி என்பதால் முதலாம் வலயத்தை வழக்கமாக மூடிவிடுவார்கள், ஒக்டோபர் நடுப்பகுதி வரை நீளும். தங்குமிடத்துக்குப் பணம் கட்டிவிட்டு வந்து வாசலில் திரும்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. சித்திரைப் புத்தாண்டு விடுமுறை, கதிர்காமத் திருவிழா நாட்கள், போயா (பௌர்ணமி விடுமுறை) சேர்ந்த நீண்ட வார இறுதி, இவற்றைத் தவிர்த்து வாரநாளில் போனால் பாதி நெரிசல் குறையும்.

ஓகஸ்ட், செப்டம்பரில்தான் விடுமுறை என்றால் யாலவைப் பிடித்துத் தொங்கவேண்டாம். அப்போது மின்னேரிய, கவுடுல்ல குளங்களின் வற்றிய கரைப் புல்லுக்கு யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். யானை மட்டும் போதும் என்பவர்களுக்கு உடவளவ ஆண்டு முழுவதும் ஏமாற்றாது. சிறுத்தையும் வேண்டும், ஜீப் நெரிசலும் வேண்டாம் என்றால் வில்பத்து. அதன் பரப்பு யாலவை விடப் பெரியது, வில்லு எனப்படும் இயற்கைக் குளங்களுக்கிடையே நெடுந்தூரம் ஓடவேண்டும், மிருகம் குறைவாகவே கண்ணில் படும். ஆனால் பட்டது நம்முடையது. கிழக்கே இருப்பவர்களுக்குக் கூமுனைப் பூங்கா கிட்ட. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்கும் அதே இடத்தில்தான் பூங்கா வாசலும் இருக்கிறது. அங்குள்ள வில்லுக்குப் பக்கத்தில் பறவை பார்க்க ஒரு காலை ஒதுக்கலாம். பாதயாத்திரைக் காலத்தில் மட்டும் அந்தப் பக்கம் கூட்டமாக இருக்கும், தேதியைக் கேட்டுக்கொண்டு போங்கள்.