உமியை உயிர்க்கரியாக்கி மணல் தோட்டத்தில் சேர்ப்பது எப்படி?

நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உமி. கிழக்கிலங்கையின் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து நெல் ஆலைகளின் பின்புறம் அது குவிந்து கிடக்கிறது. அதைத் தீ வைத்து எரித்தால் கிடைப்பது சாம்பல். உள்ளே இருந்த காபன் காற்றோடு போய்விடும். காற்றைக் குறைத்துக் கருக்கினால் அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கரியாக நின்றுவிடும். இதுதான் உயிர்க்கரி. அந்தக் கரியில் பெரும்பங்கு மண்ணுக்குள் நூறு வருடம் கடந்தும் மக்காது.

வைக்கோலில் தொடங்க வேண்டாம். அது பற்றியதும் கொழுந்துவிட்டுச் சாம்பலாகிவிடும். அதோடு, பயிர் உறிஞ்சிய பொற்றாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. அதை வயலிலேயே பரப்பி உழுவதுதான் லாபம். ஆலைக் கொதிகலனிலிருந்து வரும் நரைத்த சாம்பலும் உயிர்க்கரி அல்ல.

தேவையானவை

காய்ந்த உமி 10 உரப்பை (சுமார் 100 கிலோ), 20 லீற்றர் தகர டின் ஒன்று, 4 அங்குல விட்டமும் 5 அடி நீளமும் உள்ள இரும்புத் தகரக் குழாய், மம்பட்டி, முகமூடி, 100 லீற்றர் நல்ல தண்ணீர். வாவித் தண்ணீர் கூடாது. அதிலுள்ள உப்பு கரியோடு சேர்ந்து தோட்டத்துக்குள் வந்துவிடும்.

டின்னின் ஒரு முனையை முழுதாக வெட்டி எடுங்கள். மறு முனையில் குழாய் இறுக்கமாக நுழையும் அளவு துளை வெட்டுங்கள். சுற்றுப்பக்கம் முழுவதும் ஆணியால் ஓரங்குல இடைவெளியில் துளையிடுங்கள். துளை பெரிதானால் உமி உள்ளே கொட்டி நெருப்பை அமத்திவிடும்.

கருக்குதல்

வீடு, வைக்கோற்போர், கிடுகு வேலி எதுவும் கிட்ட இல்லாத வெட்டையில், காற்று அடங்கிய காலைப்பொழுதில் தொடங்குங்கள். கச்சான் காற்று வீசும் நாளில் கைவைக்காதீர்கள்; காற்றடிக்கும் பக்கம் சாம்பலாகும், மறுபக்கம் பச்சையாகவே கிடக்கும்.

சிரட்டை, காய்ந்த சுள்ளி கொண்டு தரையில் சிறு நெருப்பு மூட்டுங்கள். அது நன்றாகப் பிடித்ததும் டின்னை வெட்டிய வாய் கீழே இருக்கக் கவிழ்த்து, மேலே குழாயைச் செருகுங்கள். சுற்றிவர உமியைக் கொட்டி டின் மறையும்வரை குவியுங்கள். குழாய் இழுக்கும் காற்று உமிக்குள்ளால் வரும்; நெருப்பு டின்னிலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல நகரும். குழாயில் புகை வராவிட்டால் உள் நெருப்பு செத்துவிட்டது. உமியை விலக்கி மறுபடி மூட்டுவதைத் தவிர வழியில்லை. பெரும்பாலும் ஈர உமிதான் காரணம். மாரியில் வெளியே நனைந்த உமியை இரண்டு நாள் வெயிலில் பரப்பாமல் எடுக்காதீர்கள்.

குவியலின் உச்சியில் கருந்திட்டுகள் தெரியத் தொடங்கும். அப்போது, அடியில் இன்னும் மஞ்சளாகக் கிடக்கும் உமியை மம்பட்டியால் அள்ளி அந்தக் கருப்பின் மேல் போடுங்கள். இந்த வேலையில் கவனம் வேண்டியது இங்கேதான். கருப்புத் தெரிந்த இடத்தைச் சும்மா விட்டால் சிறிது நேரத்தில் நரைக்கத் தொடங்கும். நரைத்தது எல்லாம் போன காபன். 3 முதல் 5 மணித்தியாலத்தில் முழுவதும் கருத்துவிடும். அதுவரை இடத்தை விட்டுப் போகக்கூடாது. புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருப்பதால் காற்று வரும் பக்கமாகவே நில்லுங்கள்.

கருத்ததும் குழாயையும் டின்னையும் கொறடால் தூக்கிவிட்டுக் குவியலைப் பரப்பி, கிளறிக் கிளறித் தண்ணீர் தெளியுங்கள். மேலே நனைந்து உள்ளே கனன்றுகொண்டிருப்பது வழமை. அணைந்துவிட்டதென்று நம்பிச் சாக்கில் கட்டினால் இரவில் சாக்கோடு எரியும். மறுநாள் கையை உள்ளே விட்டுக் குளிர்ந்திருந்தால் மட்டும் கட்டுங்கள். உமிக்கரித் தூளில் மூச்சோடு போனால் நுரையீரலுக்குக் கேடான சிலிக்கா உண்டு, ஈரமாகவே கையாளுங்கள்.

100 கிலோ உமிக்கு, உலர்ந்த கணக்கில் 30 கிலோ அளவு கரி கிடைக்கும். அதில் காபன் ஏறக்குறைய 13 கிலோ. அது எரிந்து காற்றோடு போயிருந்தால் காபனீரொட்சைட்டாக 45 கிலோவுக்கு மேல் ஆகியிருக்கும்.

மண்ணில் போடுமுன்

வெறுங்கரியை அப்படியே போட்டால் அது மண்ணிலுள்ள நைதரசனைப் பிடித்துவைக்கும். கத்தரியும் கொச்சியும் (மிளகாயும்) மஞ்சளாகும். கரிக்குச் சமஅளவு மாட்டெரு அல்லது கூட்டெரு கலந்து, நிழலில் ஈரம் காயாமல் 2–3 கிழமை வையுங்கள். கிழமைக்கொரு தடவை புரட்டுங்கள்.

பிறகு சதுர மீற்றருக்கு 1 கிலோ கரி என்ற கணக்கில் (பேர்ச்சுக்கு 25 கிலோ) மேல் 15 சென்ரிமீற்றர் மண்ணோடு கொத்திக் கலக்குங்கள். கல்லடி, களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மணலில் ஊற்றிய நீரும் பசளையும் நிற்காமல் இறங்குவதால் பலன் அங்கே முதலில் தெரியும். ஆனால் உமிக்கரி காரத்தன்மை உள்ளது. சிப்பித்தூள் கலந்த கடற்கரை மணல் ஏற்கெனவே காரமாக இருக்கலாம். அங்கே பிஎச் (மண்ணின் அமில, கார அளவு) பார்த்துவிட்டுப் போடுங்கள், 8ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

இதே அளவில் ஒரு ஏக்கர் வயலுக்கு 4 தொன் கரி வேண்டும். அதற்கு 13 தொன் உமி. ஒரு டின்னை வைத்து அது நடக்காது. கொச்சிப் பாத்தி இரண்டில் தொடங்குங்கள், பக்கத்தில் கரி போடாத பாத்தி ஒன்றையும் விட்டுவையுங்கள்.