மொரீஷியஸ்ல பாக்குற கோடு போட்ட மீன் எல்லாம் நீமோ இல்லங்க

ப்ளூ பே கடற்கரைல, அடியில கண்ணாடி வச்ச போட்ல ஏறுனா போதும், கீழ ஏதாவது வெள்ளக் கோடு போட்ட மீன் தெரிஞ்சதும் எல்லாரும் ஒரு பக்கமா சாஞ்சு "நீமோ! நீமோ!"ன்னு ஒரே கத்தல். ஊர்லேர்ந்து வந்த எங்க சித்தப்பா குடும்பமும் அதேதான், நானும் மொத வருஷம் அப்டித்தான் ஸ்டேட்டஸ் போட்டேன். அது சினிமாவுல வர்ற அந்த நீமோ கோமாளி மீனே கெடையாது. அந்த ஆரஞ்சு மீனு அந்தமான் கடல்லேர்ந்து கிழக்க ஆஸ்திரேலியா வரைக்கும்தான் இருக்கு, இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது. இங்க இருக்குறது ஆம்பிப்ரியான் கிரைசோகாஸ்டர், மொரீஷியஸ் வட்டாரக் கடலுக்குன்னே உள்ள கோமாளி மீன்.

எல்லாரும் கோட்ட எண்ணிப் பாத்துத்தான் ஏமாறுறாங்க. ரெண்டுக்குமே மூணு கோடுதான், எண்ணி என்ன பிரயோஜனம்? ஒடம்போட நெறத்தப் பாருங்க. நம்ம மீனு கருப்புன்னு சொல்ற அளவுக்கு அடர் பழுப்பு, மூக்கும் வயிறும் மட்டும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. கிரைசோகாஸ்டர்னாலே கிரேக்கத்துல பொன் வயிறுன்னு அர்த்தம், அத வச்சே ஞாபகம் வச்சுக்கலாம். ஆனா ஆழமா எடுத்த போட்டோவ நம்பிடாதீங்க, தண்ணி மொதல்ல செவப்பு வெளிச்சத்தத்தான் குடிச்சிரும், ஆரஞ்சு மங்கி வயிறு சாம்பலா தெரியும், டார்ச் அடிச்சாத்தான் உண்மையான கலரு.

இன்னொண்ணு, கோமாளி மீனு குடியிருக்குற கடல் அனிமோன்லயே நெத்தியில ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணுன்னு வெள்ளப் பொட்டு வச்ச கருப்புக் குட்டி மீனு சுத்தும், அத கோமாளி மீனோட குஞ்சுன்னு நெனச்சுக்குவாங்க. அது டோமினோன்னு வேற சாதி, சின்னதா இருக்குறப்ப அங்க ஒண்டிக்கும், வளர வளர பொட்டும் மங்கிரும். (அனிமோனும் செடி இல்ல, கொட்டுற பிராணி, கோமாளி மீன் மேல இருக்குற வழவழப்புதான் அந்தக் கொட்டுலேர்ந்து மீனக் காப்பாத்துது.)

கோமாளி மீன்ல பெருசு அப்பா, சின்னது அம்மான்னு சொல்றதும் தப்பு, அங்க நெலம தலகீழ். பொறக்குறப்ப எல்லாம் ஆம்பளயாத்தான் வளரும், கூட்டத்துல பெருசுதான் பொம்பள, அடுத்த சைஸு அவ புருஷன், மிச்சமெல்லாம் வரிசைல காத்துக்கிட்டு இருக்குற பொடிசுங்க. அவ செத்தா புருஷனே பொம்பளயா மாறிருவான், அடுத்த பொடிசு புருஷனாயிரும். முட்டைய பாத்துக்குறதும் பெரும்பாலும் ஆம்பளதான், செட்டையால தண்ணிய வீசிக்கிட்டு, கெட்டுப்போன முட்டைய வாயால பொறுக்கிக்கிட்டு ஒரு வாரம் போல கெடப்பான். இது தெரியாம பெருச மட்டும் யாராவது வலைல அள்ளிட்டா மொத்த வரிசையும் ஆட்டங்கண்டுரும்.

அப்புறம் ரொட்டி வீசாதீங்க, பவளத்து மேல கால ஊணாதீங்க, அவ்ளோதான். மூஞ்சிக்கு நேரா நீந்தி வந்தா கொஞ்சுதுன்னு கை நீட்டாதீங்க, அது வீட்ட காக்குறதுக்கு வெரட்டுது. நான் "ஹாய்"னு கையாட்டுனதுக்கு அந்தப் பெரியம்மா என் மாஸ்க் கண்ணாடிய மூணு தடவ முட்டிட்டுத்தான் திரும்பிப் போனா.