காரணம் தெரியாத காய்ச்சல், காலையில வீங்குற கண்ணு: குழந்தைங்க கிட்னி விஷயத்துல நாம பண்ற தப்புகள்

நான் லேப்ல வேலை பாக்குறவ, டாக்டர் இல்ல. ஆனா 11 வருஷமா குழந்தைங்களோட யூரின் சாம்பிள கையில வாங்கி வாங்கி, எந்த இடத்துல தப்பு நடக்குதுன்னு ஓரளவு தெரியும், அத சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு அம்மா 8 மாச பாப்பாவ தோள்ல போட்டுகிட்டு வந்தாங்க. அஞ்சு நாளா காய்ச்சல், சளி இல்ல, இருமல் இல்ல, பால் குடிக்க மாட்டேங்குது, குடிச்சாலும் வாந்தி. பல்லு முளைக்குது அதான் காய்ச்சல்னு வீட்டுல எல்லாரும் சொல்லி மூணு நாள் போயிடுச்சு, அப்புறம் மூத்த பிள்ளைக்கு வாங்கி மிச்சம் இருந்த ஆன்டிபயாட்டிக் சிரப்ப ரெண்டு நாள் குடுத்திருக்காங்க, அதுக்கும் கேக்கலன்னு தான் டாக்டர்கிட்ட போயிருக்காங்க, அவர் உடனே யூரின் கல்ச்சர் எழுதிட்டார், அதாவது யூரின தட்டுல வச்சு கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட். மைக்ராஸ்கோப்ல பாத்தா சீழ் செல் நெறஞ்சு கெடக்கு, ஆனா கல்ச்சர்ல ஒண்ணுமே வளரல. ஏன்னா அந்த ரெண்டு நாள் சிரப் கிருமிய கொல்லவும் இல்ல, தட்டுல வளர விடவும் இல்ல. எந்த கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்னு கண்டுபிடிக்க இருந்த ஒரே வழியும் அடைஞ்சு போச்சு. அந்த அம்மா "அப்போ இன்ஃபெக்‌ஷன் இல்லையா"ன்னு சந்தோஷமா கேட்டப்ப எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, டாக்டர்கிட்ட உடனே காட்டுங்கன்னு அனுப்பி வச்சேன்.

இதுல ரெண்டு தப்பு இருக்கு. முதல் தப்பு, யூரின் டெஸ்ட்ட யோசிக்காம பல்லு முளைக்குதுன்னு நாள கடத்துனது. சின்ன குழந்தைக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தா "எரியுது"ன்னு சொல்லத் தெரியாது, காய்ச்சல், வாந்தி, சிணுங்கல், எடை ஏறாம இருக்குறது, இவ்ளோ தான் வெளிய தெரியும். ரெண்டு வயசுக்குள்ள காரணம் தெரியாத காய்ச்சலோட வர்ற குழந்தைங்கள்ல 100க்கு 5ல இருந்து 7 பேருக்கு அது யூரின் இன்ஃபெக்‌ஷன். மூணு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு காய்ச்சல்னா வீட்டுல வச்சு பாக்கவே கூடாது, நேரா ஆஸ்பத்திரி தான். காய்ச்சல் ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள் தாண்டி சிகிச்சை தொடங்குனா கிட்னியில தழும்பு விழுற வாய்ப்பு கூடுது, அந்த தழும்பு அப்புறம் போகாது, பெரியவங்க ஆனப்பறம் பிபியா வந்து நிக்கலாம். அடுத்த தப்பு, சாம்பிள் எடுக்குறதுக்கு முன்னாடியே ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்குறது. குழந்தை ரொம்ப மோசமா இருந்தா டாக்டர் காத்திருக்க மாட்டார், அது வேற, ஆனா நாமளா மிச்ச மருந்த எடுத்து குடுக்கவே வேண்டாம்.

சாம்பிள் எடுக்குற விதத்த பத்தி நான் நிறைய சொல்லுவேன், பொறுத்துக்கோங்க. மருந்து பாட்டில கழுவி அதுல புடிச்சுட்டு வருவாங்க, உள்ள ஒட்டியிருக்க சோப்பே ரிசல்ட்ட மாத்திடும், லேப்ல குடுக்குற கல்ச்சர் டப்பா தான் வேணும், அதோட உள்பக்கத்த விரலால தொடவே கூடாது. சில பேரு டயப்பர பிழிஞ்சு கொண்டு வருவாங்க, அத வச்சு கல்ச்சர் போட முடியாது. ஒட்டுற பை மாட்டி எடுத்தா தோல்ல இருக்குற கிருமியும் சேர்ந்து வந்துடும், அதனால பையில எடுத்த சாம்பிள்ல ஒண்ணும் இல்லன்னு வந்தா நம்பலாம், கிருமி இருக்குன்னு வந்தா அத மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. கைக்குழந்தைக்கு வெறும் தண்ணில அந்த இடத்த கழுவிட்டு, குளிர்ந்த தண்ணில நனைச்ச துணியால அடிவயித்த மெதுவா வட்டமா தேச்சு விட்டுகிட்டே டப்பாவோட ரெடியா நில்லுங்க, சில குழந்தைங்க அஞ்சு நிமிஷத்துக்குள்ள போயிடும், முடிஞ்சா முதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றத புடிங்க. அப்படியும் கிடைக்கலன்னா டாக்டர் சின்ன டியூப் போட்டு எடுக்கணும்னு சொல்லுவார், பாக்க பாவமா தான் இருக்கும், ஆனா அதுல கெடைக்குற பதில் தெளிவா இருக்கும். எடுத்தத ஒரு மணி நேரத்துக்குள்ள லேப்ல சேத்துடணும், முடியலன்னா ஃப்ரிட்ஜுல கீழ் தட்டுல வைங்க, ஃப்ரீசர்ல இல்ல. இந்த இன்ஃபெக்‌ஷன்ல பெரும்பாலும் இருக்குறது ஈ.கோலை தான், ஏத்த சூழ்நிலை கெடச்சா அது 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெண்டு மடங்கு ஆகும், அப்போ காலையில எடுத்து பேக்ல வச்சு மத்தியானம் கொண்டு வந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சு பாருங்க.

மருந்து ஆரம்பிச்சு ரெண்டாவது நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திடுறது இன்னொன்னு. காய்ச்சலோட வந்த இன்ஃபெக்‌ஷனுக்கு பெரும்பாலும் 7ல இருந்து 10 நாள் குடுப்பாங்க, எழுதி குடுத்த நாள் முழுக்க குடுக்கணும். அதே மாதிரி மருந்து ஆரம்பிச்சு ரெண்டு நாள் ஆகியும் காய்ச்சல் இறங்கலன்னா "கோர்ஸ் முடியட்டும்"னு காத்திருக்காதீங்க, திரும்ப போய் காட்டுங்க.

திரும்ப திரும்ப வருதுன்னா உள்ள காரணம் இருக்கான்னு பாக்கணும். உடம்புக்குள்ள யூரின் தேங்குற பையில இருந்து யூரின் மேல கிட்னிய நோக்கி திரும்பி ஏறுறத ரிஃப்ளக்ஸ்னு சொல்லுவாங்க, காய்ச்சலோட இன்ஃபெக்‌ஷன் வந்த குழந்தைங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு இது இருக்கு. 1ல இருந்து 5 வரைக்கும் கிரேடு, சின்ன கிரேடு நிறைய குழந்தைங்களுக்கு வளர வளர தானா சரியாயிடும். இங்க நடக்குற தப்பு என்னன்னா, வயித்து ஸ்கேன் நார்மல்னு வந்ததும் ஒண்ணும் இல்லன்னு விட்டுடுறாங்க. ரிஃப்ளக்ஸ் சாதா ஸ்கேன்ல தெரியாமலே போகலாம், அதுக்கு எம்.சி.யூ.ன்னு தனி எக்ஸ்ரே, தழும்பு இருக்கான்னு பாக்க டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன், அது இன்ஃபெக்‌ஷன் முடிஞ்சு 4, 6 மாசம் கழிச்சு எடுக்குறது. எல்லா குழந்தைக்கும் தேவப்படாது, ஆனா டாக்டர் எழுதி குடுத்தா பயந்துகிட்டு தள்ளிப்போடாதீங்க, அந்த 6 மாசத்துல தான் நிறைய பேரு மறந்தே போயிடுறாங்க.

அடக்கி வைக்குறது. இத நான் ரொம்ப முக்கியமா நெனைக்குறேன். ஆறு வயசு குழந்தையோட யூரின் பை ஏறக்குறைய 210 மில்லி தான் புடிக்கும் (வயசோட ஒண்ண கூட்டி 30ஆல பெருக்கிக்கோங்க, அது தான் கணக்கு), அந்த குழந்தை ஸ்கூல் டாய்லெட் நாத்தம்னு காலையில போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்து தான் போகும், டீச்சர் திட்டுவாங்கன்னு கேக்கவே கேக்காது. தேங்கி நிக்குற யூரின்ல கிருமி வளரும். ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ போக விடணும்னு ஸ்கூல்ல எழுதியே குடுங்க, கூச்சப்படாதீங்க. ஒண்ணுக்கு அடிக்கடி போக கூடாதுன்னு தண்ணிய கொறைக்குறது அத விட பெரிய தப்பு. அப்புறம் மலச்சிக்கல். யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கும் ஆய் போறதுக்கும் என்ன சம்பந்தம்னு எல்லாரும் கேப்பாங்க, ரெண்டு பையும் பக்கத்து பக்கத்துல இருக்கு, மலம் இறுகி நெறஞ்சு இருந்தா அது யூரின் பைய அழுத்தும், முழுசா காலியாக விடாது. எத்தனையோ குழந்தைங்களுக்கு மலச்சிக்கல சரி பண்ணதுமே இன்ஃபெக்‌ஷன் திரும்ப வர்றது கொறஞ்சிருக்கு. பொண்ணுங்களுக்கு முன்னாடி இருந்து பின்னாடி தான் கழுவணும், டாய்லெட்ல கால் தொங்காம கீழ ஒரு ஸ்டூல் வைங்க.

படுக்கையில போறதுக்கு அடிக்குறாங்க, மத்தவங்க முன்னாடி சொல்லி கேவலப்படுத்துறாங்க. தயவு செஞ்சு வேண்டாம். அஞ்சு வயசுல 100க்கு 15 குழந்தைங்க கிட்ட இப்படி தான் இருக்காங்க, அதுல வருஷத்துக்கு 15 சதவீதம் பேருக்கு தானா நின்னுடும், அது தூக்கத்துல நடக்குறது, குழந்தை வேணும்னு பண்ணல. ஆனா ஆறு மாசத்துக்கு மேல நனைக்காம இருந்த குழந்தை திடீர்னு நனைக்க ஆரம்பிச்சு, கூடவே தாகம் ஜாஸ்தி, எடை கொறையுதுன்னா அன்னைக்கே சுகர் டெஸ்ட் எடுங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க.

பையனுங்களுக்கு முன்தோல பிடிச்சு இழுத்து சுத்தம் பண்ண கூடாது. சின்ன வயசுல அது ஒட்டி தான் இருக்கும், சிலருக்கு டீனேஜ் வரைக்கும் ஆகலாம், வலுவா இழுத்தா கிழிஞ்சு தழும்பாகி அப்புறம் தான் உண்மையான பிரச்சனை. அத விட கவனிக்க வேண்டியது தாரை. ஒண்ணுக்கு போறப்ப தாரை நல்லா வருதா, இல்ல முக்கி முக்கி சொட்டு சொட்டா வருதான்னு பாருங்க, சொட்டுனா யூரின் குழாயில வால்வு மாதிரி ஒரு சவ்வு அடைச்சிருக்கலாம், அது ரெண்டு கிட்னியையும் சத்தமில்லாம கெடுக்கும். வயித்துல இருக்கப்பவே கிட்னி வீக்கம்னு ஸ்கேன்ல சொல்லியிருந்தா, பொறந்தப்பறம் குழந்தை நல்லா தான இருக்குன்னு விடாம டாக்டர் சொன்ன தேதிக்கு ஸ்கேன் எடுங்க. முதல் ரெண்டு நாள்ல எடுத்தது நார்மல்னு வந்தாலும் திரும்ப எடுக்கணும், அப்போ குழந்தைக்கு யூரின் கம்மியா இருக்குறதால வீக்கம் தெரியாம போயிடும்.

இப்ப என் அக்கா பையன பத்தி சொல்றேன். நாலு வயசுல காலையில எழுந்தா கண்ணு ரெண்டும் உப்பி இருக்கும், மத்தியானத்துக்குள்ள இறங்கிடும். ஒரு இடத்துல அலர்ஜின்னு சொட்டு மருந்தும் சிரப்பும் குடுத்தாங்க, ரெண்டு வாரம் ஓடுச்சு. அப்புறம் அக்கா ஃபோன்ல "டிரவுசர் எலாஸ்டிக் இடுப்புல அச்சு மாதிரி பதியுதுடி"ன்னு சொன்னப்ப தான் எனக்கு பக்குன்னு ஆச்சு, நாளைக்கு காலையில முதல் யூரின எடுத்துட்டு வான்னு சொன்னேன். டப்பாவ ஆட்டுனா நுரை அடங்கவே இல்ல, புரோட்டீன் பாக்குற டெஸ்ட் ஸ்ட்ரிப்ப முக்குனா மஞ்சள் பட்டை கரும்பச்சையா மாறுச்சு, புரோட்டீன் 4 பிளஸ், அதாவது ரொம்ப அதிகம். நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம், கிட்னி வழியா புரோட்டீன் யூரின்ல ஒழுகுற நோய். லேப்ல இருக்குற நானே ரெண்டு வாரம் யூரின் டெஸ்ட்ட யோசிக்கலன்னு இன்னைக்கும் வருத்தம் இருக்கு. குழந்தைக்கு முகம் வீங்குனா அலர்ஜி மருந்துக்கு முன்னாடி ஒரு யூரின் டெஸ்ட், அவ்ளோ தான், ஒரு நிமிஷ வேலை.

இதுக்கு ஸ்டீராய்டுன்னு சொன்னதும் வீட்டுல பெரிய சண்டை. மச்சான் வேண்டவே வேண்டாம்னு நின்னார். ஆனா இந்த நோய் வர்ற குழந்தைங்கள்ல 100க்கு 80க்கு மேல ஸ்டீராய்டுக்கு கேக்கும், பெரும்பாலும் 4 வாரத்துக்குள்ள புரோட்டீன் நின்னுடும். கோர்ஸ் ரெண்டு மூணு மாசம் ஓடும், வீக்கம் வத்திடுச்சேன்னு நாமளா நிறுத்துனா ஆபத்து, உடம்பு தானா சுரக்குற ஸ்டீராய்டு திரும்ப எழும்பாம குழந்தை சுருண்டுடும், டாக்டர் சொல்ற மாதிரி தான் கொறைக்கணும். வீக்கம் இருக்கப்ப உப்ப கொறைங்க, புரோட்டீன் போகுதேன்னு சாப்பாட்டுல புரோட்டீன கொறைக்கவும் வேண்டாம், திணிக்கவும் வேண்டாம். உயிரோட இருக்குற கிருமி உள்ள தடுப்பூசிய அந்த சமயத்துல டாக்டர கேக்காம போடக் கூடாது. காய்ச்சலும் வயித்து வலியும் சேர்ந்து வந்தா வயித்துக்குள்ள இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம், அது அவசரம். இந்த நோய் திரும்ப வரும், நிறைய பேருக்கு வரும், வந்தா மருந்து தோத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. அக்கா ஒரு நோட்டு வச்சிருக்கா, தெனமும் காலையில ஸ்ட்ரிப் பாத்து தேதி போட்டு எழுதுவா, தொடர்ந்து மூணு நாள் 3 பிளஸ் வந்தா டாக்டருக்கு ஃபோன். போன தடவ திரும்ப வந்தப்ப கண்ணு வீங்குறதுக்கு முன்னாடியே நோட்டு சொல்லிடுச்சு.

யூரின் டீ கலர்ல, கோலா கலர்ல போனா அது வேற கதை. தொண்டை வலி வந்து 1, 2 வாரம் கழிச்சோ, தோல்ல சிரங்கு வந்து 3ல இருந்து 6 வாரம் கழிச்சோ கிட்னி வீங்கி இப்படி வரும். தண்ணி பத்தலன்னு நெனச்சு நிறைய தண்ணி குடுக்குறாங்க, அது தான் தப்பு, கிட்னி வெளிய தள்ள முடியாம இருக்கப்ப உள்ள ஊத்துனா பிபி ஏறும், தலைவலி, கண்ணு மங்கல், வலிப்பு வரைக்கும் போகும். அந்த கலர பாத்தா அன்னைக்கே பிபி பாக்கணும், குழந்தைக்கு ஏத்த சின்ன பட்டைய கட்டி.

கடைசியா, வாந்தி பேதில காஞ்சு கெடக்குற குழந்தைக்கு காய்ச்சலுக்குன்னு ஐபுப்ரோஃபன் குடுக்காதீங்க. உடம்புல நீர் கொறஞ்சிருக்கப்ப அது கிட்னிக்கு போற ரத்தத்த இன்னும் கொறச்சிடும், பாராசிட்டமால் எடைக்கு ஏத்த அளவுல போதும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்ட அதுல போட்டிருக்க அளவு தண்ணில முழுசா கலக்கணும், பாதி பாக்கெட் ஒரு டம்ளர்னு கண்ணு மதிப்புல கலக்க கூடாது. ரத்தமா பேதி போன குழந்தை, பேதி நின்னு ரெண்டு மூணு நாள்ல வெளிறி சோர்ந்து யூரின் கொறஞ்சு போச்சுன்னா அது களைப்பு இல்ல, கிட்னி அடி வாங்குது. எட்டு மணி நேரமா டயப்பர் காஞ்சே இருந்தா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கெளம்புங்க, கடைசியா எப்ப ஒண்ணுக்கு போச்சுன்னு நேரத்தையும் சொல்லுங்க, அங்க அத தான் முதல்ல கேப்பாங்க.